ஃபால் தைக்காத சேலை

"ஹலோ... ஹலோ, யாரு, லதாவா? ஆமாம்மா, மாமாதான் பேசுதேன்... கேக்குது, கேக்குது, சொல்லு... என்னது? ... வருவேனாவா? என்ன கேள்விம்மா இது? வராம நான் எங்க போவேன்?"

பிரம்மநாயகம் போனை ஒரு காதில் அழுத்திக்கொண்டு, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டார். தாராவி தொண்ணூறடி ரோட்டில் காலை பத்தரை மணிக்கு ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழ வேண்டுமென்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும். அவருடைய ஜவுளிக்கடையின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. தங்கை செத்த அன்றைக்குக் கடையைத் திறக்கக்கூடாது. ஆனால் கடைக்குள் வராமல் சேலை எடுப்பதும் முடியாது.

"ஆமா, அத்த அப்பவே பொறப்பட்டுட்டாளே. பாபுவும் கூட வந்திருப்பான்... வந்துட்டாங்களா? சரி, சரி... அழுதாளா? ... ம். அழட்டும்... நானா? நான் இந்தா, கோடி எடுத்துக்கிட்டு இருக்கேன்மா. எடுத்ததும் பொறப்பட்டுருவேன். சயான்ல ஏறி குர்லாவுல மாறினா ஃபாஸ்ட் வண்டி கெடைக்கும். ஒரு மணிக்குள்ள கல்யாண் ஸ்டேஷன்ல நிப்பேன். ஒங்கய்யாகிட்ட சொல்லி வையி, நான் வராம நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கப் பொறப்பட்டுராதீங்க. கேட்டியா? ... ஆமா... ஆமாம்மா. கோடி போடாம எடுக்கப்படாது."

விஜயலட்சுமி அவருக்கு நாலு வயது இளையவள். கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். கல்யாணில் புருஷன் சுடலைக்கண்ணனோடும், கட்டிக்கொடுத்த பிறகும் அடுத்த தெருவிலேயே குடியிருக்கும் மகள் பிரேமலதாவோடும் நன்றாகத்தான் இருந்தாள். விடியற்காலை நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். பீரோ நிறையச் சேலை வைத்திருந்த பெண்ணாக இருந்தாலும், கடைசியாக அவள்மேல் விழ வேண்டியது பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுச்சேலை. அதுதான் கோடி. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே பிறந்த வீடு என்றால் இப்போது பிரம்மநாயகம் ஒருவர்தான்.

சேதி வந்த ஆறு மணியிலிருந்து அவருக்குச் சொட்டுக் கண்ணீர் வரவில்லை. குளித்தார். டீ குடித்தார். கேஸை மூடினாயா என்று பெண்டாட்டி அகிலாண்டத்திடம் இரண்டு தடவை கேட்டார். அவளையும் மகன் பாபுவையும் முன்னால் அனுப்பிவைத்தார். கடைக்கு வந்து வெள்ளை விரிப்பின்மேல் சேலைகளை எடுத்துப் போட ஆரம்பித்தவர், பதினாலு சேலை வந்த பிறகும் நிறுத்தவில்லை. இருபது வருஷமாகக் கடையில் வேலை பார்க்கும் பைசான் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, அவர் தள்ளிவிடும் ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் மடித்துக்கொண்டிருந்தார்.

"கேக்குது, சொல்லும்மா... பச்சையில ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அரக்குக் கரை. பச்சைன்னா அவளுக்கு உசிரு, ஒனக்குத் தெரியாததா? ... என்னது? ... வேண்டாமா? ஏன், செவப்பு எடுக்கணும்னு அங்க யாராவது சொல்லுதாங்களா? ... கலர் இல்லையா? பொறவு என்ன? ... சேலையே வேண்டாமா!"

பைசான் தலையை நிமிர்த்தினார்.

"தாயி, ஒனக்கு இதெல்லாம் தெரியாது. நீ இங்கனயே பொறந்து வளர்ந்த புள்ள... இல்ல, நான் சொல்லுததக் கேளு. கட்டின வீட்டுல நூறு சேலை போடட்டும், பொறந்த வீட்டுக் கோடி ஒண்ணு இல்லாம... அதில்லையா? அப்ப யாரு சொன்னா வேண்டாம்னு? ஒங்கய்யாவா? போன அவருகிட்ட குடு... குடுங்கேன்! எங்க பொறந்த வீட்டுக் கோடிய வேண்டாம்னு சொல்ல அந்த ஆளு யாரு? அவன் மூஞ்சிக்கு எந்தங்கச்சியக் குடுத்ததே..."

அவருடைய குரல் ஷட்டரில் பட்டு அவருக்கே திரும்பி வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"இல்ல... இல்லம்மா. அழாத. மாமா ஏதோ... வாய் தவறிப்போச்சு. ஒங்கய்யா காதுல விழலையே? ... சரி. சரி. நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு."

பிரம்மநாயகத்தின் கோபம் தாராவி முழுக்கப் பிரசித்தம். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி, அவரும் அதை நம்பிவிட்டார். காலையில் ஒருவனைக் கிழித்துத் தொங்கவிடுவார். சாயங்காலம் அவன் தோளில் கைபோட்டு டீ வாங்கிக் கொடுப்பார். தனக்கு மறந்துபோனால் கேட்டவனுக்கும் மறந்துபோயிருக்கும் என்பது அவர் கணக்கு. சாப்பிட்டவன் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். எச்சில் எடுக்கிறவளுக்குத்தானே என்னென்ன சிந்தியிருக்கிறது என்று தெரியும்!

"ம்... ம்... அம்மாவே வச்சிருக்காளா? என்ன வச்சிருக்கா? ... கோடியா?"

"நல்லா இருக்கே! உசுரோட இருக்கவ யாராவது தனக்குத்தானே கோடி எடுத்து வப்பாளா? ... பீரோவுலயா? ... எத்தன நாளா? ... பதினோரு வருஷமா?"

அவர் எழுந்து நின்றார். ஏன் நின்றோம் என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார்.

"ஏன்மா? ... எனக்கா? எனக்கென்ன தெரியும்? ... ம்... ஒன் கல்யாணப் பேச்சு வந்தப்பவா? ஆமா, ஞாபகம் இருக்கு. பாபுவுக்கு ஒன்னக் கேட்டேன். மாமன் மகன், முறைதானே, கேட்டேன். 'அவ படிக்கட்டும்ணே, அவளுக்கு இஷ்டமில்ல'ன்னுட்டா... ஆமா, சத்தம் போட்டேன். ஒங்க வீட்டு நடுவுல நின்னுதான் போட்டேன். இல்லேங்கல... என்ன சொன்னேன்? ... ஞாபகம் இல்லம்மா... சத்தியமா ஞாபகம் இல்ல. நீ எங்க இருந்த? ... அடுக்களையிலயா? ... மிக்சி ஓடிக்கிட்டு இருந்துச்சா? ... ஓ, நிப்பாட்டிட்டியா. நிப்பாட்டிக் கேட்டியா... ம். சொல்லு... இல்ல, பரவாயில்ல, சொல்லு. கேக்கேன்."

கேட்டார். ரோட்டில் ஒரு டெம்போ ரிவர்ஸில் வந்துகொண்டே விடாமல் பீப் அடித்தது. பைசான் எழுந்து போய் ஷட்டரை இன்னும் ஒரு சாண் இறக்கிவிட்டு வந்தார். பிரம்மநாயகத்தின் உதடு, காதில் விழுவதை அப்படியே திரும்பச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் சொல்லுமே, அந்த மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"'நீ செத்தா... கோடியத் தூக்கிக்கிட்டு நான் வருவேன்னு நெனைக்காத'... நானா? ... ம். மேல சொல்லு... 'வேணும்னா உசுரோட இருக்கும்போதே கடைக்கு வந்து வாங்கிட்டுப் போயிரு'..."

"ம்."

"ம்... கேக்குது. லைன்லதான் இருக்கேன்."

கோபப்படுகிறவனுக்குச் சொல் எங்கிருந்து வருகிறதோ தெரியாது. ஆனால் எங்கே போய்க் குத்தினால் வலிக்கும் என்பது மட்டும் அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. உன் சங்காத்தமே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சண்டை போட்ட அண்ணன் தங்கைகள் எல்லாம் சொல்வதுதான் அது. ஜவுளிக்கடைக்காரன் வாயில் ஜவுளியே வந்து நின்றிருக்கிறது.

"அது கோவத்துல சொன்னதும்மா. கோவத்துல மனுஷன் ஆயிரம் சொல்லுவான், எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிட முடியுமா? ... அவளா? அவ அப்பவே மறந்துட்டாம்மா. ஒனக்குத் தெரியாது. நீ காலேஜுக்குப் போயிருப்ப. பதினஞ்சே நாள்ல அவளாவே கடைக்கு வந்துட்டா. ஆமா, இங்க, இதே கடைக்குத்தான். நான் கூப்பிடவே இல்ல. ஒத்தையில வந்து நின்னு, 'அண்ணே, ஒரு சேலை குடு'ன்னா. பொறவு என்ன சண்டை? நீரடிச்சு நீர் வெலகுமா? நானே எடுத்து, நானே மடிச்சு, பில்லு கூடப் போடாம..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது.

இந்தக் கதையை அவர் பதினோரு வருஷமாகச் சொல்லி வருகிறார். எந்த வீட்டில் அண்ணன் தங்கை முறைத்துக்கொண்டாலும் பிரம்மநாயகத்தைக் கூட்டிப் போவார்கள். அவர் இந்தக் கதையைச் சொல்லித்தான் சமாதானம் பண்ணுவார். ஆடி மாச மழை. குடையைக் கடைக்கு வெளியே மடித்து வைத்துவிட்டு விஜயா உள்ளே வந்தாள். என்ன விலையில் வேண்டும் என்றதற்கு, நீ எதைக் கொடுத்தாலும் சரி என்றாள். பச்சையில் அரக்குக் கரை வைத்த ஒன்றை அவர் உருவினார். முந்தானையை விரிக்கப் போனபோது, "வேண்டாம்ணே, நல்லாத்தான் இருக்கும்" என்றாள். ஃபால் தைத்து நாளைக்குத் தரட்டுமா என்று பைசான் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். கவரில் போட்டு ஒரு கையால் நீட்டியபோது, "ரெண்டு கையாலயும் குடுண்ணே" என்றாள். இது என்ன புதுப் பழக்கம் என்று சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு தோசை கூடவே சாப்பிட்டார்.

இதில் இன்னொன்று இருக்கிறது. வாசலில் செருப்பை விடுகிற தினுசிலேயே, வருகிறவர்கள் கல்யாணத்துக்கு எடுக்க வருகிறார்களா, சாவுக்கு எடுக்க வருகிறார்களா என்று தனக்குத் தெரிந்துவிடும் என்பது பிரம்மநாயகத்தின் பெருமை. பைசானுக்கு வேலை சொல்லிக்கொடுத்த முதல் வாரமே அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். கோடி எடுக்க வருகிறவன் விலை கேட்கமாட்டான். முந்தானையை விரிக்கச் சொல்லமாட்டான். ஃபால் தைக்கக் கொடுக்கமாட்டான். அவனிடம் அதிகம் பேசாதே, இரண்டு கையாலும் கொடுத்து அனுப்பு.

"லதா... அந்தச் சேலை என்ன கலரு?"

"... பச்சையா."

"... கரை? ... அரக்கு. ம்... கவர் மேல பேரு என்ன போட்டிருக்கு? ... ம். எங்க கடைதான்... ஆமா, அது பழைய கவரு. அதுல செல் நம்பர் இருக்காது... ஃபால் தச்சிருக்கா பாரு... தைக்கலையா. ஆமா. தைக்கல. எனக்குத் தெரியும். தைக்கல."

பைசான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் தமிழர் கடையில் உட்கார்ந்தவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா? பச்சை, அரக்கு, ஃபால் என்ற மூன்று சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது. 

"ஒன் கல்யாணத்துக்கு அதை ஏன் உடுத்தலன்னு நான் அவகிட்ட கேட்டேன்மா. 'இது அதுக்கில்லண்ணே, எடுத்து வச்சிருக்கேன்'னா. நான் என்ன நெனச்சேன்... அண்ணன் குடுத்ததுன்னு பத்திரமா வச்சிருக்கான்னு நெனச்சேன்."

"... ம்... ஒங்கிட்ட எப்ப சொன்னா? ... போன தீபாவளிக்கா? ... என்ன சொன்னா? அப்படியே சொல்லு, மறைக்காத... 'மாமா வந்தா அவன் கையில குடு'... ம்... 'வராட்டாலும் இதையே போட்டுரு. அவன் ரெண்டு கையாலயும் குடுத்ததுதான். பொறந்த வீட்டுக் கோடிதான்'... ம். ம்."

அவர் விரிப்பின்மேல் கிடந்த ஒரு குண்டூசியை எடுத்தார். டப்பாவில் போட்டார். இன்னொன்று கிடந்தது. அதையும் எடுத்துப் போட்டார்.

"வராட்டாலும்னா சொன்னா? ... லதா, நான் வரமாட்டேன்னா அவ நெனைச்சா? ... மாசம் தவறாம ஒங்க வீட்டுல வந்து சாப்பிட்டிருக்கேனேம்மா. போன ஞாயித்துக்கெழம கூட நெத்திலிக் கொழம்பு வச்சா. முள்ளு பாத்துத் தின்னுண்ணேன்னா. சிரிச்சிக்கிட்டுதானே இருந்தா? ... எனக்குப் பரிமாறும்போதும் அது அவ மனசுல இருந்திருக்குமா? ... தெரியாதா... ம். ஒனக்கு எப்படித் தெரியும்."

"... கோவமே இல்லையா? ... அதான் எனக்கும் தெரியும்மா, அவ மொகத்துல கோவம் இருந்ததே இல்ல... என்னது? ... கோவமில்ல, நம்பிக்கை இல்ல... ம்."

 தங்கை தன்னை வெறுத்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். காலில் விழுந்தாவது சரிசெய்திருப்பார். அவளோ அண்ணன் வந்தால் சோறு போட்டாள், போனால் வாசல்வரை வந்து நின்றாள், தன் சாவுக்கு அவர் வரமாட்டார் என்பதையும் வெளிக்கதவைப் பூட்டி வைப்பதுபோல அமைதியாகச் செய்து வைத்துவிட்டாள்.

"நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல? தீபாவளி போயி எத்தன மாசம் ஆச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஓடி வந்து... சத்தியம் வாங்கிட்டாளா? ... எதுக்கு? ... 'அண்ணன் வருத்தப்படும்'னா? ... ம்."

நெஞ்சுக்குள் ஏதாவது புரளும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். ஒன்றும் புரளவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன ஈறைக் கடித்துப் பார்ப்பதுபோல இருந்தது. வலிக்கும் இடம் தெரிகிறது, வலி மட்டும் வரவில்லை.

பைசான் இன்றைக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கவரில் போட ஆரம்பித்திருந்தார்.

"அரே பைசான், ரஹ்னே தே. பேக் மத் கர்... இல்லம்மா, ஒன்ன இல்ல. கடையில சொன்னேன். இங்க எடுத்தத உள்ள வைக்கச் சொன்னேன்... ஆமா. அது போதும். அவ வச்சிருக்கதே போதும். அதுதான் போடணும்."

"லதா, கவர்லருந்து எடுத்துட்டீங்களா? ... கையிலதான் வச்சிருக்கியா. பிரிச்சிராதம்மா. மடிப்பக் கலைக்காத. அது நான் மடிச்சது... ஆமா, என் மடிப்புத்தான், அவ ஒரு தடவ கூடப் பிரிச்சிருக்க மாட்டா. நான் வந்து பிரிக்கேன். அதுவரைக்கும் வைப்பீங்களா? ... ஒங்கய்யாகிட்ட கேளு... கேளு, நான் லைன்ல இருக்கேன்."

காத்திருந்தார். சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி கிழிக்காமல் இருந்தது. நேற்றையதே இருந்தது. எட்டிக் கிழிக்கப் போனவர் கையை இறக்கிக்கொண்டார்.

"ம், சொல்லும்மா... ரெண்டு மணியா? சரி. ரெண்டு மணிக்கு நான் அங்க இருப்பேன்... ஒங்கய்யாகிட்ட சொல்லு, நான் அப்பம் பேசினது... வேண்டாம். நேர்ல நானே சொல்லிக்கிடுதேன்."

"வேற என்ன கொண்டு வரணும்? ... மாலை? ... பாபு மாட்டுங்காவுலயே வாங்கிட்டானா. சரி... நெய்ப்பந்தத்துக்கு? ... இருக்கா. எல்லாம் இருக்கா... அப்ப நான் ஒண்ணும் கொண்டு வர வேண்டாம்... ம். வெறுங்கையா வாரேன்."

போனை வைக்கத்தான் போனார். காதிலிருந்து எடுத்ததை மறுபடியும் காதுக்குக் கொண்டுபோனார்.

"லதா, வச்சிராத. ஒண்ணே ஒண்ணு... போன எடுத்ததும், 'வருவீங்களா மாமா'ன்னு கேட்டியே. என்ன கேள்வி இதுன்னு ஒன்ன அதட்டினேன். இப்பம் புரியுதும்மா... இல்ல, ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. நீ கேக்க வேண்டியதுதான்... எனக்கு ஒரு காரியம் செய்யி. அம்மா பக்கத்துல போயி உக்காரு. கூட்டம் இருந்தா வெலகச் சொல்லு. குனிஞ்சு அவ காதுல சொல்லு. 'அண்ணன் பொறப்பட்டுட்டான், வந்துக்கிட்டே இருக்கான்'னு சத்தமாச் சொல்லு, அவளுக்கு எடக்காது கொஞ்சம் மந்தம்... சொல்லுவியா? ... ஹலோ? ... லதா, கேக்குதா? ... ஹலோ?"

லைன் போயிருந்தது. எதுவரைக்கும் அவளுக்குக் கேட்டது என்று தெரியவில்லை.